நடுக்கடலில் இறங்கிய அக்கா

அன்பில் ஒரு நாளும் குறை வைக்காத என் தங்கைக்கு,

அக்கா மனநிறைவோடு எழுதும் கடிதம். இங்கே நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு, சமாதானமாகி நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் அதுபோலவே இருக்க வேண்டும். உன் இரண்டு கண்களுக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஆபரேஷன் செய்யப் போகிற இடது கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாக. வலது கண் அதற்காகக் கோபித்துக்கொள்ளாது என்று நம்புகிறேன். எழுத்து பெரிது பெரிதாக இருப்பது உனக்காகத்தான். அப்படியும் தெரியாவிட்டால் உன் வீட்டுக்காரரைப் படித்துச் சொல்லச் சொல். அவரைப் பற்றித் தவறாக ஒன்றும் எழுதவில்லை.

முதலில் பிள்ளைகள் சேதி. பெரிய பேரன் நில அளவைப் பரீட்சையில் தேறி அளவை அலுவலகத்தில் சேர்ந்துவிட்டான். மூன்று கால் வைத்த கருவி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். போன மாதம், வேலித் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கு நடுவே போய் அளந்து கொடுத்தான். இப்போது அவர்கள் இரண்டு பேரும் ஒற்றுமையாகி, சேர்ந்து இவனைத் திட்டுகிறார்கள். அவ்வளவு துல்லியமான அளவு. பேத்தி பிசியோதெரபி படித்து முடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போகிறாள். கையே தூக்க முடியாமல் வந்த ஒரு மேலதிகாரி இவளைக் கண்டால் இப்போது இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுகிறார். சின்னவள் கயிறு தாண்டுவதில் பள்ளிக்கே முதலாவதாக வந்து பதக்கம் வாங்கினாள். ஆறாம் வகுப்புக்கும் போய்விட்டாள். அதாவது என்னைத் தாண்டிவிட்டாள். போன வருஷம் வரை, "பாட்டி, இது எப்படி?" என்று அவள் கேட்பாள். இந்த வருஷம் நான் கேட்கிறேன். என் மகனோ டிரைவிங் ஸ்கூலுக்கு இரண்டாவது கார் வாங்கிவிட்டான். இதுவரை அவன் கையால் பாஸ் ஆன யாரும் ஒரு சுவரில்கூட மோதியதில்லை. பெயில் ஆனவர்களைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய விமான டிக்கெட் கிடைத்தது. அதைக் கையில் வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மருமகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். "கட்டு அவிழ்த்ததும் நான் முதல்ல பார்க்கிற முகம் உன் முகமா இருக்கணும் அக்கா" என்று நீ போனில் சொன்னாயே, அன்றிலிருந்து இந்த முகத்தை நான் தினமும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். இத்தனை பேர் பார்த்துச் சலித்த முகத்துக்கு இப்படி ஒரு மரியாதையா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. இந்த நன்றியை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதப்போகிறதைப் படித்துவிட்டு நீ இதை மறந்துவிடக் கூடாது.

டிக்கெட் வந்த அன்றே உன் ஊர் விமான நிலையம் எங்கள் ஊர் விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், போய்ச்சேர எத்தனை நேரம் என்று பிள்ளைகளைக் கேட்டேன். படித்த பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் வரும் என்று நினைத்துவிடாதே. பெரியவன் கணக்குப் போட்டு, "ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் பாட்டி, பன்னிரண்டு மணி நேரம்" என்றான். பேத்தி விடவில்லை. "அது ஆகாயத்துல கயிறு பிடிச்சு அளந்த கணக்கு. பாட்டி என்ன கயிறா? வீட்டுலேர்ந்து கிளம்புறது, வரிசையில நிக்கிறது, நடுவுல ஒரு ஊர்ல இறங்கி வேற விமானத்துக்குக் காத்திருக்கிறது, எல்லாம் சேர்த்தா இருபத்திரண்டு" என்றாள். "நான் தூரத்தைச் சொன்னேன், நீ முட்டி வலியைச் சொல்றே" என்றான் அவன். "முட்டியோடதானே போகப் போறாங்க!" என்றாள் இவள். இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள், அதனால்தான் சண்டை தீரவில்லை. அப்புறம் உலகப் படத்தைக் கொண்டுவந்து பார்த்தால் விமானம் போகிற கோடு வில் மாதிரி வளைந்திருக்கிறது. நேராகப் போகாமல் எதற்கு இப்படிச் சுற்றிக்கொண்டு போகிறான், நம்ம ஊர் ஆட்டோக்காரன் மாதிரி என்று கேட்டேன். உடனே சின்னவள் பள்ளிக்கூட உலக உருண்டையையும் ஒரு நூலையும் எடுத்து வந்து, இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்து, "பாருங்க பாட்டி, உருண்டைமேல இதுதான் குறுக்கு வழி. தாள்ல வச்சுப் பார்த்தா வளைஞ்ச மாதிரி தெரியும்" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது! ஐந்தாம் வகுப்பில் இதை யாராவது எனக்கு நூல் வைத்துக் காட்டியிருந்தால் நானே விமானம் ஓட்டியிருப்பேன். அந்த நூலை அப்படியே எடுத்து என் கையால் அளந்தேன். ஒரு சாணும் இரண்டு விரலும். அவ்வளவுதான் தங்கச்சி, நீ இருக்கிற தூரம். ராத்திரி அந்த நூலைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போச்சு, என் மகன் வாயைத் திறக்கிற வரைக்கும். அவன் குணம் உனக்குத் தெரியாது. நீ போகும்போது அவன் நடைவண்டி தள்ளிக்கிட்டிருந்தான். அவனோட டிரைவிங் ஸ்கூல் முற்றத்துல என்ஜின் இல்லாத பழைய கார் ஒண்ணு இருக்கு. சேர்ற யாரையும் எடுத்த எடுப்புல ரோட்டுக்கு விட மாட்டான். முதல் ஒரு நாள் முழுக்க அந்தச் செத்த கார்ல உட்காரணும். ஓடாத வண்டியில கியர் மாத்தணும், வராத லாரிக்கு ஒதுங்கணும். "நிக்கிற வண்டியில உட்காரத் தெரியாதவன் ஓடுற வண்டியில என்ன கிழிப்பான்?"ன்னு கேப்பான். இந்த வழக்கம் ஸ்கூல்லேர்ந்து வீட்டுக்குள்ளயும் வந்துடுச்சு. பேத்தி வேலைக்கு நேர்காணல் போறதுக்கு முன்னாடி எங்க சாப்பாட்டு மேசையில ஏழு தடவை நேர்காணல் நடந்துச்சு. மருமகள் தன் அம்மா வீட்டுக்குப் போறதுன்னாகூட என்ன பேசணும், என்ன பேசக் கூடாதுன்னு ஒத்திகை பார்த்துட்டுத்தான் போவா. அதுல ரெண்டு தடவை பெயிலும் ஆகியிருக்கா. அதனால அவன், "அம்மா, பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்துல உட்காரணும். நீ உட்காருவியா? ஞாயித்துக்கிழமை பார்த்துடலாம்"னு சொன்னப்போ எங்க யாருக்கும் அது விநோதமாவே படலை.

ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு அந்தச் செத்த கார்லேர்ந்து முன் சீட்டு ரெண்டையும் கழட்டி மாடிக்குத் தூக்கிட்டு வந்து ஹால்ல ஜன்னலோரமா போட்டாங்க. பெல்ட்டும் அதிலேயே இருந்துச்சு, வசதியாப் போச்சு. பக்கத்து சீட்டுக்கு ஒரு அந்நியர் வேணும், சொந்தக்காரங்க பக்கத்துல உட்கார்ந்தா அது பயணமே இல்லன்னு மகன் சொல்லிட்டான். அந்த நேரம் பார்த்து, கீழ்வீட்டுத் தையல்காரர் திரைச்சீலை தைச்சுக் கொண்டுவந்து கதவைத் தட்டினார். "அண்ணே, கொஞ்ச நேரம் உட்காருங்க"ன்னு மகன் சொல்ல, அவரும் பாவம் டீ குடுக்கப் போறாங்கன்னு நினைச்சு உட்கார்ந்துட்டார். பெல்ட்டைப் போட்டுட்டாங்க. சின்னவள் கழுத்துல ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு, "விமானம் இப்போ கிளம்புது, கையை வெளியில நீட்டாதீங்க"ன்னு அறிவிப்புக் கொடுத்தா. பெரியவன் மேசைமேல படத்தை விரிச்சு வச்சு, குண்டூசியை நகர்த்திக்கிட்டே நாங்க எங்க போறோம்னு சொல்லிக்கிட்டு வந்தான். "இப்போ பாலைவனம்." "இப்போ மலை." சொல்லச் சொல்ல எனக்குக் கொஞ்சம் குளிரக்கூட ஆரம்பிச்சுடுச்சு. எதிர்வீட்டம்மா துணி காயப்போட வந்தவ ஜன்னல் வழியா என்னைப் பார்த்துட்டு, "என்னம்மா, கட்டிப் போட்டுட்டாங்களா? யாரையாவது கூப்பிடவா?"ன்னு கத்தினா. "விமானத்துல இருக்கேன், வந்து பேசறேன்"னு சொன்னேன். அவ பக்கெட்டை அப்படியே விட்டுட்டு உள்ள போயிட்டா.

மருமகள் சின்னச் சின்ன டப்பாவுல சாப்பாடு கொண்டுவந்தா. முழங்கையைப் பக்கத்துல இடிக்காம சாப்பிடணுமாம். நான் இடிக்கலை, தையல்காரர்தான் இடிச்சார், அவருக்கு ஊசி இழுத்த பழக்கம். சாப்பிட்டு முடிச்சதும் மகன் பின்னாடியிலேர்ந்து வந்து, "காத்து சரியில்ல, ஆடும்"னு சொல்லி சீட்டைப் பிடிச்சு ஆட்டினான். சீட்டுக்கு அடியில என்னமோ கழண்டு நான் ஒரு பக்கமா சாய்ஞ்சுட்டேன். மீதிப் பயணம் முழுக்க சாய்ஞ்சபடியேதான் பறந்தேன். தையல்காரர் இது எதுவும் தெரியாம என் தோள்ல தலையைச் சாய்ச்சு அப்படி ஒரு தூக்கம். அவரு வழியை அடைச்சுக்கிட்டு இருந்ததால நான் குளியலறைக்குப் போகவும் வழியில்ல. எழுப்பவும் மனசு வரலை. பேத்தி மட்டும் அப்பப்போ வந்து, "பாட்டி, பாதத்தை ஆட்டுங்க, பெருவிரலை மடக்குங்க"ன்னு பயிற்சி கொடுத்துட்டுப் போனா. அந்தக் குழந்தைக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன். அவ இல்லேன்னா என் கால் இன்னும் அந்தச் சீட்டுலேயேதான் இருந்திருக்கும்.

மத்தியானம் மூணு மணி இருக்கும். விமானியா இருந்த மகன் சாப்பிட்டுட்டு உள்ள கட்டில்ல குறட்டை விட்டுக்கிட்டிருந்தான். பெரியவன், "இப்போ கடலுக்கு மேல"ன்னு சொல்லிட்டுப் படத்துமேலேயே கவுந்து தூங்கிட்டான். பெண்கள் மூணு பேரும் அடுத்த சாப்பாட்டுக்கு டப்பா கழுவிக்கிட்டிருந்தாங்க. ஒரே அமைதி. அப்பத்தான் எனக்குக் கேட்டுச்சு, மேல தண்ணித் தொட்டி நிரம்பி வழியிற சத்தம். மோட்டாரை யாரும் நிறுத்தலை. சொல்லு தங்கச்சி, நான் என்ன பண்ணட்டும்? கண்ணை மூடிக்கிட்டேன், மனசு கேக்கலை. "நீ கடலுக்கு மேல இருக்கே, இது உன் வீட்டுத் தண்ணி இல்ல"ன்னு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கை தானா பெல்ட்டைக் கழட்டிடுச்சு. தையல்காரர் தலையைத் தூக்கி சீட்டுமேல பத்திரமா வச்சுட்டு, அவர் காலைத் தாண்டி, ஹாலைத் தாண்டிப் போய் மோட்டாரை நிறுத்திட்டு, வர்ற வழியில கொடியில காய்ஞ்ச துணியையும் எடுத்துக்கிட்டு, குளியலறையில ஒழுகுற குழாயையும் இறுக்கிட்டுத் திரும்பி வந்தா, சின்னவள் ரெண்டு கையையும் கன்னத்துல வச்சுக்கிட்டு நிக்கிறா. "பாட்டி! நடுக்கடல்ல இறங்கிட்டீங்க!"

வீடே முழிச்சுக்கிச்சு. மகன் கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்து, சீட்டைப் பார்த்தான், என் கையில இருந்த துணியைப் பார்த்தான். "அம்மா, பெயில்"னான். மருமகள் சும்மா விடலை. "அத்தை இறங்கினதுக்கு மார்க் போடுறீங்களே, விமானி தூங்கினதுக்கு யாரு மார்க் போடறது? அவங்க இறங்கலைன்னா இப்போ வீடே கடலாயிருக்கும்!"னா. "ஒத்திகையில விமானி தூங்கலாம். பயணி இறங்கக் கூடாது"ன்னு மகன் ஒரே பேச்சா முடிச்சுட்டான். பெரியவன் குண்டூசி இருந்த இடத்தைப் பார்த்து, கரை எந்தப் பக்கமும் ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாதுன்னு வருத்தத்தோட சொன்னான். தையல்காரர் மட்டும் அப்பத்தான் எழுந்து, முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "இப்படி ஒரு தூக்கம் தூங்கி வருஷக்கணக்காச்சும்மா. அடுத்த விமானம் எப்போ?"ன்னு கேட்டார்.

இதுல என் மகன்மேல எனக்குக் கோபம் இல்ல. தன் பொண்டாட்டியையே ரெண்டு தடவை பெயில் பண்ணினவன், அம்மான்னு எனக்கு மட்டும் சலுகை காட்டினா அப்புறம் அவன் கொடுக்கிற பாஸுக்கு என்ன மதிப்பு? அவன் சொன்னதுல ஒண்ணு உண்மை. எனக்கு உட்காரத் தெரியாது. யோசிச்சுப் பார்த்தா, நான் இத்தனை வருஷத்துல ஒரு வேளைச் சாப்பாடாவது எழுந்திரிக்காம சாப்பிட்டிருக்கேனா? பால் பொங்குற சத்தம், குழந்தை இருமுற சத்தம், கேட் திறக்கிற சத்தம். உனக்கு அம்மை போட்டுக் கண்ணைத் திறக்க முடியாம கிடந்தப்போ நீ புரண்டா போதும், நான் எழுந்து உட்கார்ந்துடுவேன். ஆனா இதை ஒரு குறையா எடுத்துக்கலை. ஓடி எழுந்திரிக்க ஒரு வீடு நிறைய ஆளு இருந்தாங்களேன்னு சந்தோஷம்தான். விமானத்துல பால் பொங்காதுன்னு எனக்கும் தெரியும். ஆனா ஏதாவது ஒரு குழந்தை அழுமே? நான் எழுந்து கதவைத் திறந்துட்டேன்னா முந்நூறு பேர் கதி என்ன?

ஆகவே கண்ணே, எல்லோரும் கூடிப் பேசி நான் வர வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வருகிற வியாழக்கிழமை விமான நிலையத்துக்கு வந்து நிற்காதே. இதைப் போனில் சொல்லலாம். சொன்னால் நீ அழுவாய், டாக்டர் அழக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நீ அழுதால் நானும் அழுவேன், நான் அழுதால் மருமகள் அழுவாள், சேதி கடைசி வரை வெளியே வராது. அதனால்தான் கடிதம். பெரியவன் கணக்குப்படி இந்தக் கடிதமும் விமானத்தில்தானே வருகிறது, பன்னிரண்டு மணி நேரம். இதற்கு முட்டி வலி கிடையாது, எந்தச் சத்தம் கேட்டாலும் எழுந்து போகாது. நாளை மறுநாள் உன் கைக்கு வந்துவிடும்.

உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று நினைக்காதே. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த என் போட்டோ ஒன்றை இதற்குள் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உன் வீட்டுக்காரர் சட்டைப் பையில் கொடுத்து வை. கட்டு அவிழ்க்கும் நேரம் அவர் அதை உன் முகத்துக்கு நேரே பிடிக்கட்டும். போட்டோவில் சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் உர்ரென்று இருக்கிறேன். பயந்துவிடாதே, கோபம் உன்மேல் இல்லை, அந்த போட்டோக்காரர்மேல்தான்.

நீ கூப்பிட்டாயே, அது போதும் எனக்கு. ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒருத்தி நம் முகத்தைக் கேட்கிறாள் என்றால், வேறென்ன வேண்டும்? உன் கண் தெளிந்து ஊசியில் நீயே நூல் கோர்க்க வேண்டும். உன் வீட்டுக்காரர் நீண்ட ஆயுளோடு உனக்குச் செய்தித்தாள் படித்துக் காட்ட வேண்டும். வீட்டில் இருக்கிற சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் என் அன்பும் ஆசியும். கண் ஆறியதும் புதுக் கண்ணாடியோடு ஒரு போட்டோ எடுத்து, தாளில் போட்டு, மறக்காமல் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பாதே. போனில் வருவதைச் சின்னவள் விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் நீ காணாமல் போய்விடுகிறாய். எனக்கு அலமாரியில் நிற்கிற மாதிரி ஒன்று வேண்டும். சீக்கிரம் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்பாதே. காலையில் பேத்தி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இதைத் தபாலில் சேர்க்கப் போனாள். அங்கே ஜன்னலுக்குள் இருந்தவர் எடை போட்டுப் பார்த்துவிட்டு, போய்ச்சேர மூன்று வாரம் ஆகும், நடுவில் விடுமுறை வந்தால் நாலு என்றாராம். கடிதத்தோடு திரும்பி வந்துவிட்டாள். நான் பெரியவனைப் பிடித்துக் கேட்டேன். "பறக்கிறது பன்னிரண்டு மணி நேரம்தான் பாட்டி. பறக்கிறதுக்கு முன்னாடி மூட்டைக்குள்ள கிடக்கிறதை நான் அளக்கல" என்கிறான். அதற்குள் வியாழக்கிழமை வந்துவிடும், நீ விமான நிலையத்தில் காத்துக்கொண்டு நிற்பாய். போன் கூடாது, கடிதம் எட்டாது. "அப்போ நான் வரலைன்னு யாராவது நேர்ல போய்த்தான் சொல்லணும்" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவனுக்கு அளவு வேலை. பேத்திக்கு நோயாளிகள். சின்னவளுக்குப் பள்ளிக்கூடம். மகனுக்கு, சீட்டைத் திரும்ப மாட்டிய அந்தச் செத்த காரில் ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மருமகள் இல்லாவிட்டால் வீடு நடக்காது. வீட்டில் சும்மா இருக்கிறது நான் ஒருத்திதான். மகன் என் டிக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம், "பயணியாத்தான் அம்மா நீ பெயில். தபாலா போறதுக்கு நம்ம வீட்டுல ஒத்திகை எதுவும் கிடையாது" என்று சொல்லிவிட்டு, பரண்மேலிருந்து பெட்டியை இறக்கப் போனான். ஆகையால் இந்தக் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். இது பதிவுத் தபால். வியாழக்கிழமை நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.